கிரைண்டர் வாங்கினவளும் நுகர்வோர்தான்



நான் நுகர்வோர் சங்கத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். "உங்க சங்கம் என்னதாங்க்கா செய்யுது?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இந்த வேலையும் பெண்கள் தொடங்கியதுதான். 1966-ல் மும்பையில் ஒன்பது பெண்கள் கூடி ஒரு நுகர்வோர் சங்கம் அமைத்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது 20 ஆண்டு கழித்து, 1986-ல். இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் ஆண்டுச் சட்டம்.

எங்களிடம் வந்த ஒரு புகாரைச் சொல்கிறேன். மாவு அரைத்து விற்கும் சகோதரி ஒருவர், குழுக் கடனில் கிரைண்டர் வாங்கினார். நாலாம் மாதமே மோட்டார் புகைந்துவிட்டது. ஓராண்டு வாரண்டி இருந்தும் கடைக்காரர், "வியாபாரத்துக்கு வாங்கினீங்கல்ல, நீங்க நுகர்வோரே இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மெஷின் நின்றுபோச்சு, தவணை நிற்குமா?

கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. தையல் மெஷின், மாவு மெஷின் வைத்துப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய பலம்.

பில், வாரண்டி கார்டு, மெக்கானிக் எழுதித் தந்த சீட்டு மூன்றின் நகலையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். கெடு முடியும் முன்பே புது மோட்டார் வந்தது. வேலை கெட்ட நாட்களுக்கும் இழப்பீடு கேட்கலாம் என்றோம். "மெஷின் ஓடினா போதும்க்கா" என்று அவர் விட்டுவிட்டார். அது அவர் முடிவு.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால்? 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்காக நுகர்வோர் சங்கமும் போடலாம். ஆனால் பிரச்சினை வந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

வழக்கு சில சமயம் இழுக்கும், மறைக்க மாட்டேன். அதனால்தான் கடிதத்திலேயே முடிக்கப் பார்க்கிறோம்.

அந்தச் சகோதரி ஜெயித்ததற்குக் காரணம், பில்லைச் சேமிப்புப் பாஸ்புக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்ததுதான். பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று போர்டு மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைக் கொடுத்த கெடுவுக்குள் திருப்பித் தரலாம். பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள்.

ஒரு வேண்டுகோள். குழுக் கடனில் எது வாங்கினாலும், அடுத்த கூட்டத்தில் பில்லைக் காட்டி, நகலைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் கடைக்காரர் அம்மா என்பார், ஆத்தா என்பார், அனுப்பிவிடுவார். கையில் பில்லோடு குழுவே போய் நின்றால் உட்காரச் சொல்லிப் பேசுவார்.