மறுக்கக் கற்கும் குழந்தை



2004ஆம் ஆண்டைத் தமிழகம் மறக்க இயலாது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் எழுந்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த சிறார் வெளியேற இயலாமல் சிக்கிக் கொண்டனர். இறந்தவருள் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிப் பருவத்தினர். அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அன்று காலை தாய்லாந்து நாட்டின் புகெட் தீவில், மாய் காவ் என்னும் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் 10 வயது ஆங்கிலச் சிறுமி தன் பெற்றோருடன் உலவிக் கொண்டிருந்தாள். கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் அவளுடைய ஆசிரியர் ஆழிப்பேரலையின் அறிகுறிகளைக் கற்பித்திருந்தார். அவள் அலறினாள். தாய்க்கு முதலில் விளங்கவில்லை. சிறுமி விடவில்லை. தந்தை அவள் சொல்லை ஏற்று விடுதிக் காவலரிடம் கூறினார். கடற்கரையில் இருந்த நூறு பேர் அளவினர் அலை வருமுன் அகன்று உயிர் பிழைத்தனர்.

பாடம் பயன்பட்டது என்று இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. பெரியவர்கள் நம்பாத போதும் தான் கண்டதை விடாது சொல்லும் துணிவு அச்சிறுமிக்கு இருந்தது. பத்து வயதுக் குழந்தை சொல்கிறாளே என்று தள்ளிவிடாத ஒரு தந்தையும் அவளுக்கு இருந்தார். இவ்விரண்டும் இல்லையாயின் பாடம் ஏட்டோடு நின்றிருக்கும். குழந்தைப் பாதுகாப்புக் கல்வி என்னும் பொருளின் உயிர்நாடி இவ்விடத்தில்தான் இருக்கிறது.

தமிழகத் தொடக்கப்பள்ளிகளுக்குச் செயல்பாடுகள் புதியன அல்ல. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. 2022ஆம் ஆண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அட்டைகளும் பொம்மைகளும் பாடலும் கொண்டு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் அதே ஆசிரியர், பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் நாற்காலியில் அமர்ந்து அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார். தீயைத் தொடாதே, தெருவில் ஓடாதே, அயலாரிடம் பேசாதே என்று மூன்று ‘ஆதே’க்களில் பாடம் முடிந்துவிடுகிறது. நீந்துவதைக் கரும்பலகையில் கற்பிக்க இயலாது என்பதை அறிந்தவர்களே இவ்வாறு செய்வதுதான் வியப்பு.

தீயினின்று தப்பும் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. பழைய சேலை ஒன்று போதும். இரு மாணவர் சேலையின் இரு முனைகளையும் பற்றி இடுப்பளவு உயரத்தில் விரித்துப் பிடிக்க வேண்டும். அதுவே புகை. ஏனைய குழந்தைகள் சேலையைத் தலை தொடாதவாறு தவழ்ந்து கதவை அடைய வேண்டும். தலை பட்டவர் மீண்டும் தொடக்கத்திற்குச் செல்வர். புகை மேலே எழும், மூச்சுவிடத்தக்க காற்று தரையை ஒட்டி இருக்கும் என்னும் அறிவியலை ஏழு வயதுக் குழந்தை இவ்விளையாட்டில் தன் முழங்காலாலேயே கற்றுக்கொள்கிறது. ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள்வதற்கு ஒரு கோரைப்பாய் போதும். முதல் நாள் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும், இருக்கட்டும். நான்காம் முறை உருளும்போது சிரிப்பு குறைந்து உடல் பழகியிருக்கும்.

வெளியேறும் ஒத்திகை இதனினும் கடினமானது, குழந்தைகளுக்கன்று, ஆசிரியர்களுக்கு. தொடர்ந்து மணி ஒலித்தவுடன் பையையும் செருப்பையும் தேடாமல் வரிசையாக மைதானத்திற்கு வர வேண்டும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அங்கே பெயர் கூப்பிட்டு எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். கழிவறைக்குச் சென்ற குழந்தையும் நடக்க இயலாத குழந்தையும் யார் பொறுப்பு என்பதை முன்னரே முடிவு செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மேலதிகாரி வரும் நாளில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடத்தும் ஒத்திகையால் நிழற்படம் மட்டுமே கிடைக்கும்.

சாலைப் பாடத்திற்குப் பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒரு சாலை போதும். வலம், இடம், மீண்டும் வலம் நோக்கிக் கடக்கும் பழக்கத்தை அங்கேயே உண்டாக்கலாம்.

இன்று போன்ற விழாக்கூட்டத்தில் வழிதவறும் குழந்தைக்கான பயிற்சியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ‘உன் அம்மா பெயர் என்ன?’ என்றால் ‘அம்மா’ என்றே விடை கூறும் குழந்தைகள் முதல் வகுப்பில் பலர். பெற்றோர் பெயர், ஊர், தெரு, கைப்பேசி எண் ஆகியவற்றை மெட்டமைத்துப் பாடவைத்தால் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். எண்ணைப் பாட்டாகக் கற்ற குழந்தை அழும்போதும் அதை மறவாது. வழிதவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்பதும், காவலரிடமோ குழந்தையுடன் வந்திருக்கும் ஒரு தாயிடமோ உதவி கேட்பதும் வகுப்பில் நடித்துப் பழகத் தக்கவை. ‘அயலாரிடம் பேசாதே’ என்று மட்டுமே கற்ற குழந்தை, உதவ வந்தவரைக் கண்டும் ஒளிந்துகொள்ளும்.

அயலார் என்னும் சொல்லே இன்னொரு வகையில் பெற்றோரை ஏமாற்றுகிறது. நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உசாவப்பட்ட குழந்தைகளுள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள். ஆளான குழந்தைகளுள் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை. ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர் என்பதை அவ்வாய்வு தெளிவாகக் காட்டிற்று.

ஆதலின் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்னும் பாடம் தொடக்கப்பள்ளியிலேயே தேவை. இதைக் கேட்டவுடன் சில பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. பிஞ்சு மனத்தில் எதற்கு இந்தப் பேச்சு என்பர். இப்பாடத்தில் கூசத் தக்கது எதுவுமில்லை. ஒரு பொம்மையைக் காட்டி, உள்ளாடை மறைக்கும் இடங்களைப் பிறர் தொடவும் பார்க்கவும் கூடாது. பிறருடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும் தாயும், தாய் உடனிருக்க நோய் பார்க்கும் மருத்துவரும் விலக்கு என்று கூறினால் போதும். சைல்டுலைன் நிறுவனம் உருவாக்கிய ‘கோமல்’ என்னும் சிறு உயிரூட்டப் படம், குடும்பத்திற்கு நன்கு பழகிய ஒருவரைக் கொண்டே இதனைக் குழந்தைகளுக்கு விளக்குகிறது.

மறைபொருள் பற்றிய செயல்பாடு ஒன்றும் பயன் தருவது. பிறந்தநாள் பரிசை ஒளித்து வைப்பதும், ‘இதை அம்மாவிடம் சொல்லாதே’ என்று ஒருவர் மிட்டாய் கொடுப்பதும் ஒன்றா? குழந்தைகள் தாமே பிரித்தறிவர். முன்னது ஒருநாள் வெளிப்பட்டு எல்லோரையும் மகிழ்விக்கும். பின்னது வயிற்றைப் பிசையும். வயிற்றைப் பிசையும் மறைபொருளை உடனே சொல்லிவிட வேண்டும் என்று அவர்களே விதி வகுப்பர். அடுத்து, ஒவ்வொரு குழந்தையும் தன் கையைத் தாளில் வைத்து வரைந்து, ஐந்து விரல்களிலும் தான் நம்பிச் சொல்லத்தக்க ஐந்து பெரியவர்களின் பெயரை எழுத வேண்டும். ஒருவர் கேட்கவில்லையெனில் அடுத்த விரல். எல்லா விரல்களும் நிறையாத தாள்களை ஆசிரியர் தனியே எடுத்து வைப்பது நலம். அக்குழந்தைகள்தாம் அவருடைய கண்காணிப்பு மிகுதியாகத் தேவைப்படுவோர்.

இறுதியாக ‘மாட்டேன்’ என்று சொல்லும் பயிற்சி. இதுவே யாவற்றினும் அரியது. வகுப்பில் எழுந்து நின்று ‘மாட்டேன், தொடாதீர்கள்’ என்று உரக்கச் சொல்லுமாறு கேட்டால், முதல்முறை குரலே எழுவதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பர். காரணம் வெளிப்படை. பெரியவர் சொல்லுக்கு மறுசொல் கூறுவது தீயொழுக்கம் என்று வீடும் பள்ளியும் ஒருசேரக் கற்பித்திருக்கின்றன. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது’ என்னும் பழமொழியைச் சொல்லாத ஆசிரியர் இலர். வளைவதை ஐந்தில் கற்க வேண்டுமாயின், நிமிர்வதையும் ஐந்தில்தானே கற்க வேண்டும்? நாள் முழுதும் கையைக் கட்டி, வாயைப் பொத்தி அமரப் பழகிய குழந்தை, அபாய வேளையில் மட்டும் கூவி ஓடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இந்த முரண்பாடு வீட்டிலும் உண்டு. விழாவிற்கு வந்த உறவினர் கன்னத்தைக் கிள்ளுகிறார்; குழந்தை விலகுகிறது. ‘மாமாதானே, ஒரு முத்தம் கொடு’ என்று தாயே முன்னே தள்ளுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் தன் உடலைப் பற்றிய தன் விருப்பின்மை மதிக்கப்படாது என்னும் பாடத்தை அக்குழந்தை அந்நொடியில் கற்றுவிடுகிறது. கைகூப்பி வணக்கம் சொன்னால் மரியாதைக்கு என்ன குறை?

பள்ளியில் பிரம்பும் இதே பாடத்தையே கற்பிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் வருத்தும் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துள்ளது. காதைத் திருகிய அதே கையால் பொம்மையைக் காட்டி ‘உன் உடல் உனக்கே உரியது’ என்று ஆசிரியர் கற்பித்தால், குழந்தை எதை நம்பும்?

குழந்தை வாய் திறந்து சொல்லிவிட்டது என்றே கொள்வோம். அதன் பின் நடப்பதில்தான் பெரியோர்க்கான தேர்வு இருக்கிறது. ‘உண்மையாகவா?’, ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்னும் இரு வினாக்களும் குழந்தையின் வாயை என்றென்றைக்குமாக அடைத்துவிடக் கூடியவை. ‘சொன்னது நல்லது, தவறு உன்னுடையது அன்று’ என்பதே முதல் மறுமொழியாக அமைய வேண்டும். துருவித் துருவி வினவுவது ஆசிரியரின் பணியன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவியாமல் மறைப்பது தண்டனைக்குரியது; தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

குடும்ப மானம் என்னாவது என்பதே பல வீடுகளில் எழும் முதற் கேள்வி. சட்டம் அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. குழந்தையின் பெயரையோ படத்தையோ முகவரியையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடலாகாது. வாக்குமூலம் பெறும் அலுவலர் சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அலுவலரே பெற வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. இவற்றை அறியாமையாலேயே பல பெற்றோர் அஞ்சி வாளாவிருக்கின்றனர். பெற்றோர்–ஆசிரியர் கூட்டங்களில் கட்டணமும் மதிப்பெண்ணும் பேசியது போக, ஒரு கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

உதவிக்கு 1098 என்னும் எண் நாள் முழுதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழகப் பள்ளி மாணவர்க்கெனக் கல்வித்துறையின் 14417 உள்ளது. இவ்விரு எண்களையும் பல பள்ளிகளில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், தலைமையாசிரியர் அறை வாயிலின் மேல், பெரியவர்களே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். முதல் வகுப்புக் குழந்தை மூன்றரை அடி உயரம் இருக்கும். வகுப்பறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கு அருகே, அந்தக் கண்களுக்கு நேராக அவற்றை எழுதி வைக்க ஒரு தூரிகையும் ஒரு சிறு குவளை வண்ணமும் போதும்.