மணலைக் காத்தோம், பிரிக்கத் தவறினோம்



‘அரிய மண் தனிமங்களும் உலக அரசியலும்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே தனியாக ஒரு நன்றி.

‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலைப் பிடித்து உடைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மேன்டில் பளீரென்று எரிந்ததற்குக் காரணம் தோரியம். தோரியம் இருப்பது மோனசைட்டில். மோனசைட் கிடப்பது நம் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரை மணலில். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஆங்கிலேயர் அவரைக் கைது செய்தார்கள். நம்ம ஊர் மணலுக்கு உலக அரசியல் நேற்று வந்ததில்லை, ஐயா!

சுதந்திரத்துக்குப் பிறகு மோனசைட் அணுசக்திச் சரக்காகிவிட்டது. ஏற்றுமதிக்குத் தடை. 1951-இல் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். கோதுமை வேண்டுமானால் மோனசைட்டைக் கொடு என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. நேரு மசியவில்லை. கடைசியில் 19 கோடி டாலர் கடனாகத்தான் கோதுமை வந்தது. பசித்த வயிற்றோடு சொன்ன ‘முடியாது’ அது. கைதட்டலாம்.

ஆனால் பாதிக் கைதட்டல்தான். மீதியை ஏன் நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்கிறேன்.

மோனசைட்டில் தோரியத்தோடு நியோடைமியம், பிரசியோடைமியம் போன்ற அரிய மண் தனிமங்களும் இருக்கின்றன. மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய காந்தம் இவற்றில்தான் செய்யப்படுகிறது. பெயரில்தான் ‘அரிய’. மண்ணில் பரவலாகவே கிடக்கின்றன. பிரிப்பதுதான் பிராணன் போகிற வேலை. ஒரே அச்சில் பிறந்த அண்ணன் தம்பிகள் மாதிரி எல்லாம் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். தாதுவைக் கரைத்து, அந்தக் கரைசலை மண்ணெண்ணெய் கலந்த ஒரு திரவத்தோடு கலக்கி, தெளிய விடவேண்டும். நியோடைமியம் மயிரிழை அளவு கூடுதலாக எண்ணெய்ப் பக்கம் சாயும். அந்த மயிரிழைக்காக அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என்று நூற்றுக்கணக்கான தடவை.

எத்தனை தொட்டி, எவ்வளவு அமிலம் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் பெய்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷு குவாங்ஷியான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1951-இல் ஊர் திரும்பியவர். கலாசாரப் புரட்சியில் உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டவர். 1970-களில் அவர் வகுத்த அந்த முறைதான் சீன ஆலைகளின் அடித்தளம். இன்று உலகில் பிரித்துச் சுத்திகரிக்கப்படும் அரிய மண் தனிமங்களில் சுமார் 90 சதவீதம் சீனாவில். பிரிக்கும் தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்கவும் 2023 டிசம்பரில் தடை போட்டுவிட்டார்கள்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வேடிக்கை பார்க்கவில்லை. ஆலுவாவில் நம் அரிய மண் ஆலை 1952-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஷுவுக்கு இருபது வருடம் முன்னால்! அதை வளர்க்கவில்லை. இருப்புக் கணக்கில் இந்தியா உலகில் மூன்றாவது இடம். உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது.

இந்தத் தொழிலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை ஜப்பான் 2010-இல் தெரிந்துகொண்டது. சென்காகு தீவருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பலில் மோதியது. படகுத் தலைவரை ஜப்பான் பிடித்து வைத்தது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் அரிய மண் சரக்கு நின்றது. தடையே இல்லை என்றது பெய்ஜிங். துறைமுகத்தில் சரக்கு மட்டும் நகரவில்லை. ஜப்பான் புலம்பிக்கொண்டிருக்கவில்லை; மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் அரிய மண் நிறுவனமான லைனஸுக்கு 25 கோடி டாலர் கொடுத்தது. பிறகு விலை தரைதட்டி, அதே தொழிலில் இருந்த அமெரிக்காவின் மோலிகார்ப் 2015-இல் திவாலானபோதும் லைனஸைக் கைவிடாமல் கடன் தவணையைத் தளர்த்தியது. அந்தப் பொறுமை சுமார் பதினைந்து வருடம் நீடித்தது. அப்படியும் 2025-இல் சீனா ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஜப்பானில் சுசூகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது.

இப்போது டெல்லிக்கும் விழிப்பு வந்திருக்கிறது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டம். நல்லது. நமது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் சுரங்கத் திட்டமும் கூடவே வருகிறது. அதற்கு முன்னால் இன்னொரு ஊரின் கதையைக் கேளுங்கள். மலேசியாவில் ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேரா என்றொரு ஊர். அங்கும் இதே மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1985-இல் ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1990-களில் ஆலை மூடப்பட்டது. மூடிய பிறகும் கழிவைப் புதைக்கும் வேலை பல வருடம் இழுத்தது.

தோண்டவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பிரிக்கும் ஆலை எங்கே, எப்போது வரும்? தோரியக் கழிவு எந்த ஊரில் எத்தனை வருடம் இருக்கும்? கதிர்வீச்சு அளவு மாதாமாதம் தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்படுமா? இந்த மூன்றையும் எழுத்தில் கொண்டுவரட்டும். கொண்டுவந்தால் இதே மண்டபத்தில் உட்கார்ந்து பேசலாம். வாடகையை நான் கொடுக்கிறேன்.