முதுகுத்தண்டு அடிபட்டோருக்கும் தொழில் உண்டு



பனையிலிருந்து தவறி விழுந்தவரையும், கிணற்றில் சறுக்கி விழுந்தவரையும் நம் கிராமங்களில் காண்கிறோம். முதுகெலும்பினுள் செல்லும் தண்டுவடம் நசுங்கினால், அடிபட்ட இடத்திற்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் குன்றும். அவ்வாறு கால்கள் செயலற்றவரைத் திண்ணையில் கிடத்தி, வேளைக்கு உணவளித்தால் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். அது பெரும் பிழை. ஓய்ந்தவை கால்களே, அறிவு ஓயவில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமைய அவரே காரணமாயிருந்தார். ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், கழுத்தில் அடிபட்டுக் கை கால் இயக்கம் இழந்தவர்.

“அவர்கள் படித்தவர்கள், எங்கள் ஊர் ஏழைக்கு என்ன வழி?” என்று கேட்பீர்கள். அவர் முன்பு அறிந்த தொழிலிலிருந்தே தொடங்குங்கள். கைகள் நலமாயிருப்பின், பனையேறியவர் ஓலையும் நாரும் கொண்டு பெட்டி முடையலாம். உழவர் நாற்றுப் பண்ணை நடத்தலாம்; கோழி வளர்க்கலாம். பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுதல், தையல், பால் சங்கக் கணக்கு ஆகியனவும் அமர்ந்தே செய்யத்தக்கவை.

தடையாவது பெரும்பாலும் வாசற்படியே. ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும். நாற்காலி நுழையுமளவு அகன்ற கதவுள்ள கழிப்பறையும் வேண்டும். உணர்ச்சியற்ற உடலில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தால் அறியாமலே புண் உண்டாகும். அது மாதக்கணக்கில் தொழிலை முடக்கிவிடும். ஆதலின் கனத்த மெத்தையிட்டு அமர்ந்து, அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்துதல் அவசியம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுடையோருக்கு வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும், விளைநில, வீட்டு ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. இது தருமமன்று, உரிமை.

ஆகவே, அடுத்த கூட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: நம் ஊரில் இவ்வாறு முடங்கியிருப்பவர் யார்? அவர் அறிந்த தொழில் யாது? அவரைத் தடுக்கும் படி எது? அப்படியை அகற்றுவதே முதற்பணி என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.