மே மாதத்தைத் தாண்டும் தோட்டம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளியில் காய்கறித் தோட்டம் போடுவது நமக்குப் புதிதல்ல. ஜூனில் பாத்தி கட்டுகிறோம். பிள்ளைகள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. மறுபடி திறக்கும்போது காய்ந்த குச்சிகள்தான் நிற்கின்றன. ஆண்டுதோறும் இப்படி நடந்தால், ‘செடி வைத்தால் செத்துப்போகும்’ என்பதைத்தான் பிள்ளைகள் நம்மிடம் கற்கிறார்கள். ஆள் இல்லாத மே மாதத்தைத் தாண்டுகிற தோட்டத்தை எப்படி அமைப்பது என்பதே இன்றைய பேச்சு.

பெரிய முதலியார்சாவடியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடலும் மணலும். மேற்கே ஏறினால் செம்மண் மேடு. வடக்கே மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். நாமோ சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-இல் கன்று நடுகிறோம். அது தென்மேற்குப் பருவமழை பெய்யும் கேரளத்துக்குப் பொருந்தும். நாம் ஜூனில் குழி எடுத்து, மக்கிய எருவும் சருகும் நிரப்பி வைப்போம். கன்றைப் புரட்டாசியில் நடுவோம். மழைக்காலம் முழுவதும் வேர் கீழே இறங்கும்.

மேற்கே அந்தச் செம்மண் மேட்டில்தான் 1968-இல் ஆரோவில் தொடங்கியது. அன்று அது மண் அரித்த பொட்டல். அங்கே வந்தவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள், மரம் வளர்த்தார்கள்; இன்று காடாக நிற்கிறது. நம் பள்ளியிலும் கன்றுகளைச் சுற்றிச் சாண் உயர வரப்பு போட்டால் மழை அங்கேயே இறங்கும்.

எதை நடுவது? முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை, கோவை, கொய்யா, சப்போட்டா. ஒருமுறை வேர் பிடித்தால் பல ஆண்டு தருபவை இவை. சப்போட்டா ஓரளவு உப்பையும் தாங்கும். வெண்டையும் கத்தரியும் வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்களில் போட்டுப் பங்குனிக்குள் பறித்து முடித்துவிடுங்கள். சத்துணவு வேளையில் தட்டு அலசும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி அந்தப் பாத்திக்கு விடலாம்.

மண்ணைத் திறந்து போடாதீர்கள். இங்கே பாடமும் இருக்கிறது. உப்பளத்தில் நீர் ஆவியாகி உப்பு தங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். உவர்நீர் பாய்ச்சிய பாத்தியிலும் அதுவே நடக்கிறது: வெயில் நீரை எடுத்துக்கொள்ளும், உப்பு மேல்மண்ணில் தங்கும். நான்கு விரல் கனத்துக்குச் சவுக்குச் சருகோ தென்னை மட்டைத் தூளோ பரப்பினால் ஆவியாவது குறையும். ஒரு பாத்தியை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்து, எதில் ஈரம் நிற்கிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே குறித்து வரட்டும்.

இளங்கன்றுகளுக்கு முதல் கோடைதான் கண்டம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். நீர் கசிந்து வேருக்குப் போகும். மூடி இருந்தால் கொசு முட்டையிடாது. தினமும் ஊற்ற வேண்டிய வேலை வாரம் ஓரிரு முறையாகக் குறையும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களிடம் இதைச் சொல்லிவைத்தால் போதும்.

புயலையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயலில் கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் பெருமளவில் சாய்ந்தன. முருங்கைக் கிளை எளிதில் முறியும். வளர்ந்த மரத்தை ஆண்டுதோறும் புரட்டாசியில் கவாத்து செய்யுங்கள். வெட்டிய போத்துகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் நடட்டும். மீனவர் வீட்டிலும் உப்பளத் தொழிலாளர் வீட்டிலும் கொல்லையில் ஒரு முருங்கை நின்றால், வேலையில்லாத மழைநாட்களிலும் கீரை கிடைக்கும்.

பறித்த கீரையைச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுங்கள். தாங்கள் நட்டதைத் தட்டில் பார்க்கும் பிள்ளை கீரையை ஒதுக்குவது குறையும்.

பெரிய தோட்டமாகத் தொடங்க வேண்டாம். இந்த ஆண்டு நான்கு குழி, நான்கு பானை, வேலிக்கு ஒரு கோவைக் கொடி. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது எத்தனை பச்சையாக நிற்கின்றன என்று பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள். அதற்கேற்ப அடுத்த குழிகளை எடுக்கலாம்.