மண்ணுள் மறைந்த எண்ணெயும் மக்கள் குடிக்கும் நீரும்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நிலத்தின் கீழ் எண்ணெய் சேமிக்கும் தாங்கிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குச் சட்டம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கண்ணுக்குத் தெரியாதிருப்பதனாலேயே சட்டம் வேண்டும் என்பது என் விடை.

குளிர்நாட்டுப் பாடம்

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களிற் பலர் அந்த எண்ணெயை உருக்குத் தாங்கியில் நிரப்பி வீட்டு வளவிலேயே புதைத்து வைத்தனர். ஈரமண் உருக்கை அரித்தது. ஊசிமுனையளவு துளை போதும். எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கசிந்து கொண்டேயிருக்கும். கிணற்று நீரில் மணம் எழும்போதுதான் வீட்டுக்காரர் விழிப்பார். அதற்குள் காலம் கடந்துவிடும்.

எரிபொருள் நிலையங்களின் தாங்கிகளிலும் இதே கேடு பரவியதைக் கண்டு, 1984ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டசபை புதைந்த தாங்கிகளுக்கெனத் தனி ஏற்பாடுகளை இயற்றியது. 1988இல் விதிகள் வந்தன. துருப்பிடியாத காப்பு வேண்டும். முப்பது நாட்களுக்கு ஒருமுறை கசிவுச் சோதனை வேண்டும். கேடு நேர்ந்தால் செலவை ஏற்கும் பொருள்வலுவை உரிமையாளர் முன்கூட்டியே காட்டவேண்டும் என்றன அவ்விதிகள். பழைய தாங்கிகளைத் திருத்துவதற்கு 1998 டிசம்பர் வரை தவணை கொடுக்கப்பட்டது.

ஆயினும் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வைத்திருக்கும் இடத்திலேயே எரிப்பதற்கான எண்ணெய்த் தாங்கிகளும், வாணிபம் சாராத 1,100 கலன் வரையான தோட்ட, வீட்டு எரிபொருள் தாங்கிகளும் விலக்கப்பட்டன. அவற்றின் கதி அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விதிவிலக்கு எழுதியவருக்கு அது சிறு தாங்கி. அதன் பக்கத்திற் கிணறு உடையவருக்கோ அதுவே பெரும் பகை. எண்ணெய் சட்டப்புத்தகத்தைப் படித்துவிட்டுக் கசிவதில்லை!

நமது நிலம்

இனி நமது நிலத்தை நோக்குவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகிறது. அந்த நீரையே நாம் குடிக்கிறோம்; அதையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இந்தக் கல்லின் உட்புறம் எத்தகையது என்பதற்குச் சான்றுகள். மழைக்கு வழிவிடும் வெடிப்பு எண்ணெயையும் மறிக்காது. ஆதலால் களிமண் நிலத்துக்குப் போதுமான விதி நமக்குப் போதாது.

சுன்னாகத்தின் வழக்கு

இது வெறும் அச்சமன்று. சுன்னாகம் மின்னிலையத்தின் அயலில் 2013, 2014ஆம் ஆண்டுகளிற் சோதிக்கப்பட்ட 150 கிணறுகளில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் ஏற்கத்தக்க அளவை மீறியிருந்தன. அங்கே எண்ணெய் புதைதாங்கியிலிருந்து கசியவில்லை. மின்னுற்பத்திக் கழிவாக நிலத்திற் சேர்ந்தது. வழி வேறாயினும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே.

தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரிலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறிப்படி, அங்கு இயங்கிய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்குமாறு மன்று பணித்தது. கண்காணிக்க வேண்டியோரின் தவறுதலையும் அது சுட்டிற்று. அத்தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால் அப்பணத்தைக் குடியிருப்பாளருக்குப் பங்கிடும்போது ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாது. நண்பர்களே, அத்தொகையால் ஒரு கிணற்றின் நீரைத் திரும்ப வாங்க முடியுமா?

சட்டம் இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது. அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கொண்டு வந்தது. உரிமம் தாளில் இருந்து பயனென்ன? எண்ணெய் இறங்குமுன் சட்டம் அங்கே போய் நிற்க வேண்டும். நீதிமன்றம் வழங்குவது நட்டஈடு. நமக்கு வேண்டியது நல்ல நீர்.

நாம் கேட்பது

ஒன்று: குடாநாட்டில் உள்ள ஒவ்வொரு புதைந்த தாங்கியும், பயனிலிருந்தாலும் கைவிடப்பட்டிருந்தாலும், பிரதேச சபையின் பதிவேட்டில் ஏறவேண்டும். புதைத்த ஆண்டும் கொள்ளளவும் உலோகமும் அதிற் குறிக்கப்பட வேண்டும்.

இரண்டு: புதிய தாங்கிகள் இரட்டைச் சுவரும் கசிவை அறிவிக்கும் கருவியும் உடையனவாக இருத்தல் வேண்டும். தரைக்கு மேலுள்ளவற்றைச் சுற்றித் தடுப்புத் தொட்டி வேண்டும். இங்கிலாந்தின் 2001ஆம் ஆண்டு விதிகள் வாணிபத் தாங்கிகளுக்கு, தாங்கியின் கொள்ளளவில் 110 வீதத்தைக் கொள்ளும் தொட்டியைக் கேட்கின்றன. நமது சுண்ணக்கல்லுக்கு அதனிற் குறைந்தது ஏன்?

மூன்று: அயற்கிணறுகளைக் காலந்தோறும் சோதித்து, முடிவைக் கிணற்றுக்காரருக்குத் தமிழிலே எழுத்திற் கொடுக்க வேண்டும்.

நான்கு: பிணைப்பணம் வைக்காதவருக்கு உரிமம் வழங்கலாகாது.

உழவர்களுக்கும் ஒரு சொல். நீரிறைக்கும் இயந்திரத்தின் கழிவெண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றுவோர் நம்மிடையேயும் உண்டு. பெரியவரைச் சட்டத்தின்முன் நிறுத்தப் புறப்படும் நாம், நமக்கென ஒரு விதிவிலக்கு எழுதிக் கொள்ளலாகாது.

வைத்தியர்கள் நீரைச் சோதிக்கட்டும். பொறியியலாளர்கள் தாங்கிகளைக் கணக்கெடுக்கட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் உபவிதியின் வரைவை எழுதித் தருகிறோம். அடுத்த மாரி பெய்யுமுன் அந்த வரைவு பிரதேச சபைகளின் மேசையில் இருக்கட்டும்.