விசுவாசத்தினால் வரும் நீதியும் ஆபிரகாமின் குடும்பமும்



விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசத்தைப் பற்றிப் பேசப் புகுவோர், பாவத்தினால் கலங்கிய ஓர் ஆத்துமா பரிசுத்தராகிய கடவுளின் நியாயாசனத்தின் முன் தன்னந்தனியே நிற்கும் நிலையிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். விட்டன்பர்க் நகரத்தில் மார்ட்டின் லுத்தர் ரோமர் நிருபத்தை இரவும் பகலும் ஆராய்ந்து, கடவுளின் நீதி பாவியைக் கிருபையினால் ஏற்றுக்கொள்ளும் நீதி என்று கண்டு இளைப்பாறிய நாள்முதல், அத்தொடக்கம் சீர்திருத்தச் சபைகளின் பிதுரார்ஜிதம் ஆயிற்று. அதனை நான் குறைத்துப் பேசேன். எத்தனையோ மனச்சாட்சிகள் அதனால் தேறியிருக்கின்றன. ஆயினும், வேதாகமம் இவ்வுபதேசத்தை ஒரு குடும்பத்திற்கு அளிக்கப்பட்ட வாக்குத்தத்தத்திலிருந்து தொடங்குகிறது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விழைவது.

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், பின்பு ஆபிரகாம் எனப்பட்ட, பிள்ளையில்லாத ஆபிராமைக் கர்த்தர் வெளியே அழைத்து, வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, அத்துணை சந்ததி உண்டாகும் என்கிறார், ஆபிராம் விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. உடனே ஓர் உடன்படிக்கைச் சடங்கு தொடர்கிறது. கிடாரியும் வெள்ளாடும் ஆட்டுக்கடாவும் துண்டிக்கப்பட்டு எதிரெதிராக வைக்கப்பட, அவற்றின்மேல் இறங்கிய பறவைகளை ஆபிராம் துரத்திக்கொண்டிருக்க, சூரியன் அஸ்தமித்துக் காரிருள் சூழ்ந்தபின், புகைகிற சூளையும் எரியும் தீவட்டியும் அத்துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அவ்வாறு கடப்பவர், வாக்குத் தவறினால் இக்கதி தமக்கே நேர்க என்று ஆணையிடுகிறார் என்பது அக்கால வழக்கு. ஆபிராமோ அவ்வழியே நடக்கவில்லை. புகையிலும் தீயிலும் கடவுள் ஒருவரே நடந்தார்; அக்கதியைத் தாமே ஏற்றார். சிலுவையை இந்த இரவின் வெளிச்சத்தில் காணாதவர், ரோமர் நிருபத்தை எழுதிய பவுலின் கருத்தில் பாதியையே கண்டவராவர்.

இச்சம்பவத்தின் காலவரிசையின்மேலேயே பவுல் ரோமர் 4ஆம் அதிகாரத்தைக் கட்டுகிறார். இதற்குப் பின் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86. விருத்தசேதனம் பெற்றபோது 99. ஆகவே, அவர் நீதிமானாக எண்ணப்பட்டது அந்த அடையாளத்தைப் பெறுவதற்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்கு முன்னரே. அடையாளமில்லாத புறஜாதியாருக்கும் அவர் தகப்பன் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கலாத்தியர் நிருபத்தில் இவ்வுபதேசம் எந்தச் சந்தர்ப்பத்தில் பிறக்கிறதென்று நோக்குங்கள். அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பர்னபாவும் அவ்வழியே இழுபட்டார். பவுல் எல்லார் முன்பாகவும் பேதுருவைக் கடிந்துகொண்டு, மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் நீதிமானாவதில்லை என்று வாதித்தது, யார் யாரோடு உட்கார்ந்து உண்பது என்ற அந்த வழக்கிலேதான்.

யாக்கோபு நிருபம் இதற்கு முரண் என்பாருக்கு ஒரு வார்த்தை போதும்: அந்நிருபம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளைக் குறிக்கிறது, விசுவாசம் முதிர்ந்து கனிதந்த நாள் அது. நூற்றாண்டுகளாய்ப் பிரிந்திருந்த லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வுபதேசத்தைக் குறித்துக் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டது பெரும் நன்மையே. ஆனால் அவ்விரு சபையாரும் நற்கருணைப் பந்தியில் இன்னும் ஒன்றாகவில்லை.

நம் தேசத்துக் கதை இதனினும் வேதனையானது. 1706இல் மிஷனெரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பின்னும், கிருபையினால் மட்டுமே நீதி என்று போதிக்கப்பட்ட ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் அவ்வேற்றுமைகளை உடனே ஒழிக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டே விலகினர். அந்தியோகியாவில் பேதுரு எழுந்து சென்ற அதே செயலைத்தான் அவர்களும் செய்தார்கள். அதனை வெறும் சமூக வழக்கம் என்று சொல்லித் தப்ப இயலாது, அது உபதேசப் பிறழ்வே.

ஆகையால், திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் குருமாரை நான் பணிந்து வேண்டுவது இது: பிள்ளைகளுக்கு ரோமர் 3ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும் அதே நாளில், கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தையும் திறந்து வாசித்துக் காட்டுங்கள்.