அந்தாதியாகிய நம்பிக்கை: அன்னை மரியா



தாயைத் தெய்வமாகப் போற்றுவது தமிழ் மரபு. கிறித்தவ மரபில் அன்னை மரியா தெய்வம் அல்லர். தெய்வத்தை நம்பி வாழ்ந்த மானிடப் பெண். கி.பி. 431இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் அவரை இறைவனின் தாய் என அழைப்பது தகும் என்று உறுதிசெய்தது. ஆயினும் லூக்கா நற்செய்தியில் எலிசபெத்து அவரைப் போற்றும்போது, தாய்மையோடு மற்றொன்றையும் சேர்த்தே போற்றுகிறார். ஆண்டவர் சொன்னது நிறைவேறும் என்று நம்பியமையால் மரியா பேறுபெற்றவர் என்கிறார்.

அந்த நம்பிக்கை எத்தகையது? வினாவே எழுப்பாத பணிவா? துயரே அறியாத அமைதியா? பாடல்களும் படங்களும் பெரும்பாலும் தலைதாழ்த்திய மென்மை உருவத்தையே காட்டுகின்றன. நற்செய்தி நூல்கள் காட்டும் உருவமோ இதனினும் உறுதி வாய்ந்தது.

வினவிய நம்பிக்கை

நாசரேத்தூரில் வானதூதர் கபிரியேல் தோன்றி வாழ்த்தியபோது, மரியா முதலில் கலங்கினார்; அவ்வாழ்த்தின் பொருள் யாதென எண்ணினார். மகப்பேறு பற்றிய செய்தியைக் கேட்டதும், அது எவ்வாறு நிகழும் என்று வினவினார். அதே இயலில் முதியவர் சக்கரியாவும் வினவுகிறார்; வினவிப் பேச்சிழக்கிறார். மரியாவுக்கோ விளக்கம் கிடைக்கிறது. இவ்வேறுபாடு நுணுகி நோக்கத்தக்கது. நம்புவதற்குச் சான்று வேண்டி நின்றது அவர் வினா. நிகழும் வழியை அறிய விழைந்தது இவர் வினா. வினவுதல் வேறு, ஐயுறுதல் வேறு என்பதை லூக்கா இவ்விரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்து உணர்த்துகிறார்.

விளக்கம் பெற்றபின் மரியா தந்த இசைவு எளிய இசைவன்று. அவர் மண ஒப்பந்தமான பெண். அந்நிலையில் பிறன்வழிக் கருவுற்றாள் என்ற பழி சூழ்ந்தால், மோசேயின் சட்டம் கல்லெறிந்து கொல்லும் தண்டனையைக் கூறிற்று. உயிரையும் பெயரையும் பணயம் வைத்தே அவர் ‘ஆகுக’ என்றார். பின்னர் யூதேய மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தின் இல்லத்தில் அவர் பாடிய பாடல், வலியோர் அரியணை இழப்பதையும் பசித்தோர் நிறைவு பெறுவதையும் பேசுகிறது. அடங்கிக் கிடக்கும் உள்ளத்தில் எழும் பாடல் அன்று அது.

விளங்காததைப் பொதிந்த நெஞ்சம்

குழந்தையைக் கோவிலுக்குக் கொணர்ந்த நாளில், தாயின் நெஞ்சை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் முன்னுரைத்தார். பன்னிரண்டு வயதில் மகன் எருசலேமில் பிரிந்து, மூன்று நாள் தேடலுக்குப் பின் கோவிலில் கிடைத்தான். ஏன் இவ்வாறு செய்தாய் என்று தாய் கேட்டார். தம் தந்தையின் இல்லத்தில் இருக்கவேண்டியவன் தான் என்ற கருத்தில் மகன் மறுமொழி கூறினான். அம்மறுமொழி பெற்றோர்க்கு விளங்கவில்லை என்பதை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். விளங்காததை மரியா எறிந்துவிடவில்லை. நெஞ்சில் வைத்துக் காத்தார். விளங்கியபின் நம்புதல் எளிது; விளங்காத போதும் கைவிடாதிருத்தல் அரிது.

மற்றொரு நாள் தாய் வெளியே வந்து நிற்க, இறைவனின் விருப்பப்படி நடப்போரே தம் தாய் என்றார் இயேசு. தாயை விலக்கிய சொல்லாக இது தோன்றும். ஆழ நோக்கின், அவ்வளவுகோலாலும் அவரே தாய் என்பது புலனாகும். வயிற்றில் கருக்கொள்ளுமுன் நம்பிக்கையால் உள்ளத்தில் கருக்கொண்டவர் மரியா என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து.

சிலுவையடியில்

சிலுவையருகே தாய் நின்றதை நான்கு நற்செய்தியாளருள் யோவான் ஒருவரே கூறுகிறார். அவர் பேசியதாகவோ அழுததாகவோ ஒரு சொல்லும் இல்லை. நின்றார் என்பதே செய்தி. நாசரேத்தில் சொல்லால் தந்த இசைவைக் கல்வாரியில் நின்று காத்தார்.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதுதாய், போர்க்களத்தில் வீழ்ந்த மகனின் உடலைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிது உவந்தாள். மகனின் வீரப்புகழ் அவளுக்குத் துணை நின்றது. மரியாவுக்கு அத்துணையும் இல்லை. அவர் மகன் இறந்தது குற்றவாளிக்குரிய சாவு. சுற்றி நின்றோர் இகழ்ந்தனர். புகழின் ஆறுதலும் அற்ற இடத்தில் எஞ்சியது நம்பிக்கை ஒன்றே.

நற்செய்தி பேசாது விட்ட அத்துயருக்குத் தமிழில் வாய் தந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தேம்பாவணியை வளனார்க்கும் திருக்காவலூர்க் கலம்பகத்தை அடைக்கல அன்னைக்கும் படைத்த அவர், சிலுவையில் மாண்ட மகனுக்காகத் தாய் வருந்துவதை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ எனப் பாடினார். நம்பிக்கையின் முன்மாதிரியாகிய அன்னையை அழவைத்ததால் அவர் பெருமை குறையவில்லை. அழுகை நம்பிக்கையின் தோல்வியன்று என்பதற்கு அந்நூலின் பெயரே சான்று.

அதற்கு அமைந்த யாப்பு வகையும் எண்ணத்தக்கது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். அன்னையின் வாழ்வும் அத்தகையது. மகனை இழந்த சிலுவையடியிலேயே அன்புச் சீடர் அவருக்கு மகனாகத் தரப்பட்டார். கல்வாரியோடு அவர் கதை முடியவில்லை. எருசலேமில் சீடரோடு கூடி வேண்டிய காட்சியைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது.

மகவை இழந்த தாயிடம், நம்பிக்கை உள்ளவர் அழலாகாது என்று கூறுவோர் உளர். வினவிய, விளங்காது தவித்த, துயரின் நடுவே நின்ற மரியாவை அவர்கள் நினைவுகூர்தல் நன்று. அத்தாயின் கண்ணீரைத் துடைக்குமுன் அதனை மதிக்கும் பாடல்கள், பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்களிடமிருந்து பிறத்தல் வேண்டும்.